ஜொகூரில் ஒரு பகல்: கப்பற் பயணிகளின் கரைச்செலவும் தமிழர் வரலாறும்

கடலிற் செல்லும் கலம் எங்கே நிற்க வேண்டும், எத்தனை நாள் நிற்க வேண்டும் என்பதைப் பழங்காலத்தில் காற்றே முடிவு செய்தது. சீனத் துறவியாகிய இத்சிங் கி.பி. 671ஆம் ஆண்டில் தம் நாட்டிலிருந்து புறப்பட்டு ஸ்ரீவிஜயத்தில் கரை இறங்கினார். அங்கே ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். பின்னர்க் கடாரம் வழியாக வங்கக் கடலைக் கடந்து இந்தியாவை அடைந்தார். காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களைக் கூறும் பட்டினப்பாலை, காழகத்துப் பொருளையும் அவற்றுடன் சேர்த்தே கூறுகிறது. காழகமாவது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை வகுத்தார். இக்கடல்வழியில் வந்த வணிகர், பருவக்காற்று திரும்பும் வரை இறங்கிய இடத்திலேயே தங்க வேண்டியிருந்தது. தங்கிய காலம் நெடியதாகலின் அவ்விடத்து மொழியும் வழக்கமும் உறவும் அவர்க்கு வாய்த்தன.

19ஆம் நூற்றாண்டில் காற்றின் இடத்தை நிலக்கரி பிடித்தது. நீராவிக் கப்பலுக்குப் பருவம் இல்லை. ஆயினும் கரி வேண்டும். 1869இல் சூயெசுக் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர் ஐரோப்பாவிலிருந்து சீனத்திற்கும் சப்பானுக்கும் செல்லும் கப்பல்கள் ஏடன், கொழும்பு, சிங்கப்பூர் முதலிய துறைகளில் நின்று கரி ஏற்றிச் சென்றன. ஆறு திங்கள் தங்கிய இடத்தில் இனி ஒருநாளோ, ஒன்றரை நாளோதான் தங்கல். அந்த ஒருநாளை எவ்வாறு கழிப்பது என்ற கேள்வியிலிருந்தே, இன்று கப்பல் நிறுவனங்கள் பெரும் பொருள் ஈட்டும் ‘கரைச்செலவு’ என்னும் ஏற்பாடு வளர்ந்தது. சிங்கப்பூரில் கப்பல் நின்ற நாளில் பயணிகள் மேற்கொண்ட கரைச்செலவுகளுள் நெடியதும் பெயர் பெற்றதும் ஜொகூர்ச் செலவே ஆகும்.

ஒருநாட் பயணத் திட்டம் எளிய பொருள் போலத் தோன்றும். எனினும் அது வரலாற்றுக்கு நல்லதொரு சான்று. யார் எதைக் காட்ட விரும்பினர், யார் எதைக் காண விரும்பினர் என்பது அதில் வெளிப்படுகிறது. அத்திட்டத்தில் இடம்பெறாதவர் யார் என்று வினவும்போது அச்சான்று முழுமை பெறுகிறது. ஜொகூர்ச் செலவை அவ்வகையில் ஆராய்ந்தால், மலாய் மன்னர் ஒருவரின் அரசியல் நுட்பமும், தமிழ்த் தொழிலாளரின் உழைப்பும் ஒருங்கே புலப்படும்.

துறைமுகத்தில் ஒருநாள்

கரி ஏற்றும் வேளையில் கப்பலில் தங்கியிருப்பது துன்பந் தருவது. கூடை கூடையாகக் கரி கொட்டப்படும்போது கருந்தூள் எங்கும் பரவும். அதைத் தடுக்க அறைகளின் சாளரங்களை மூடிவிடுவர். நிலநடுக்கோட்டை அடுத்த சிங்கப்பூரின் வெப்பத்தில் மூடிய அறை அடுப்பை ஒக்கும். ஆதலால் வசதி படைத்த பயணிகள் அனைவரும் கரை இறங்கினர். தஞ்சோங் பகார் துறைமேடையில் குதிரை வண்டிகள் காத்து நின்றன. கப்பல் எந்த மணிக்குப் புறப்படும் என்பதை அறிந்துகொண்டே பயணி ஏணியில் இறங்க வேண்டும். அந்த மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டே அன்றைய திட்டம் அமைந்தது.

ஆறு மணி நேரம் மட்டுமே உடையவர் 1859இல் அமைக்கப்பட்ட தாவரத் தோட்டத்தையும், 1887இல் புதிய கட்டடம் பெற்ற இராபிள்சு அரும்பொருட்காட்சியையும் பார்த்துவிட்டு மீண்டனர். முழுநாள் உடையவரே ஜொகூரைப் பற்றி எண்ண இயன்றது. நகரிலிருந்து புக்கித் தீமா சாலை வழியாகக் கிராஞ்சிக் கரைக்கு ஏறத்தாழ 14 கல் தொலைவு. அங்கிருந்து முக்கால் கல் அகலமுள்ள நீரிணையைப் படகிலோ சிறு நீராவிக் கலத்திலோ கடக்க வேண்டும். வண்டியில் ஏறத்தாழ 2 மணி நேரம், நீரைக் கடக்கச் சிறிது நேரம், திரும்பவும் அவ்வளவே என்று கணக்கிட்டால், ஜொகூர் பாருவில் தங்கும் பொழுது நான்கைந்து மணி நேரமே. குதிரை களைத்தாலோ, மழை பிடித்துக்கொண்டாலோ கப்பலைத் தவறவிடும் அச்சமும் இருந்தது. காலையிற் புறப்பட்டு, நண்பகல் உணவை அக்கரையிற் கொண்டு, மாலைக்குள் மீள்வதே பொது முறை.

இத்தகைய பயணிகளுக்கென்றே ரீத் என்னும் பாதிரியார் எழுதிய சிங்கப்பூர்க் கையேடு 1892இல் வெளிவந்தது. தாமசு குக் நிறுவனம் 1872 - 73ஆம் ஆண்டுகளில் 222 நாளில் உலகைச் சுற்றும் முதற் குழுப் பயணத்தை நடத்திக் காட்டியிருந்தது. பயணம் என்பது துணிந்தவர் செயலாக இருந்த நிலை மாறி, பணம் செலுத்தியவர் யாரும் வாங்கத்தக்க பொருளாக மாறிய காலம் அது.

விருந்தோம்பிய வேந்தர்

இவ்வளவு தொல்லைப்பட்டு ஜொகூருக்குச் செல்லக் காரணம் என்ன? சிங்கப்பூர் ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த துறைமுகம். நீரிணைக்கு அப்பால் இருந்ததோ மலாய் மன்னர் ஒருவர் ஆளும் தனிநாடு. ‘ஆசிய அரசர் ஒருவரின் நாட்டில் கால் வைத்தேன்’ என்று ஊர் திரும்பிச் சொல்வதில் மேனாட்டுப் பயணிகளுக்குப் பெருமை இருந்தது. அப்பெருமையை நன்கறிந்து பயன்படுத்திக்கொண்டவர் அபு பக்கார் ஆவார்.

சிங்கப்பூர்த் தெலோக் பிளாங்காவில் கீசுபெரி என்னும் பாதிரியாரின் பள்ளியில் பயின்ற அபு பக்கார், 1862இல் தெமெங்கோங் பதவி ஏற்றார். 1866இல் இங்கிலாந்து சென்று விக்டோரியா அரசியைக் கண்டார். அவ்வாண்டை ஒட்டியே ஜொகூர் பாருவில் நீரிணையை நோக்கி இசுதானா பெசார் என்னும் பேரரண்மனை எழுந்தது. 1868இல் மகாராசா என்னும் பட்டமும், 1885இல் பிரித்தானியருடன் செய்த உடன்படிக்கை வழியாகச் சுல்தான் என்னும் பட்டமும் அவர்க்கு உறுதியாயின.

1874க்குப் பின் பேராக், சிலாங்கூர் முதலிய மலாய் மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஆங்கிலேய ‘ரெசிடெண்டு’ அதிகாரிகளின் மேற்பார்வைக்கு உட்பட்டன. அக்காலத்தில் ஜொகூர் மட்டும் அந்நிலைக்கு ஆளாகாது நின்றது. ‘இந்நாடு ஒழுங்காக ஆளப்படுகிறது, ஆங்கிலேயர் வந்து திருத்த வேண்டிய நிலையில் இல்லை’ என்பதை உலகுக்குக் காட்ட வேண்டிய தேவை மன்னருக்கு இருந்தது. அரண்மனை, செம்மையான சாலை, நீராவி மரமறுப்பு ஆலை, ஐரோப்பிய முறை விருந்து ஆகியவை அனைத்தும் அதற்குரிய சான்றுகளாக விருந்தினர் கண்முன் வைக்கப்பட்டன. விருந்தினர் தம் நாடு திரும்பி நூல் எழுதினர், இதழ்களில் எழுதினர். போர்ப்படை செய்ய இயலாத காவலை விருந்து செய்தது எனலாம்.

விருந்தினர் பட்டியலும் சிறியதன்று. அவாய்த் தீவுகளின் மன்னர் கலாகௌவா, உலகைச் சுற்றிவந்த முதல் ஆட்சி மன்னர் என்னும் பெயர் பெற்றவர். 1881ஆம் ஆண்டு மே திங்களில் அவர் ஜொகூர் வந்து அபு பக்காரின் விருந்தினராக இருந்தார். தம் மொழிக்கும் மலாய் மொழிக்கும் உள்ள ஒற்றுமை கண்டு அவர் வியந்தார். ஐந்து என்னும் எண்ணுக்கு இருமொழியிலும் ‘லிமா’ என்பதே சொல். அரண்மனை விருந்தொன்று மொழிநூலுக்கும் இடமளித்தமை கருதத்தக்கது. 1888இல் சதர்லாந்துக் கோமகனின் ‘சான் பியூர்’ என்னும் இன்பச்செலவுக் கலம் வந்தது. அதில் வந்த புளோரன்சு காடி அம்மையார், ஜொகூரில் பெற்ற விருந்தை மறுஆண்டு வெளியான தம் பயணநூலில் விரித்தெழுதினார்.

1895இல் மன்னர் ஜொகூருக்கு எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம் ஒன்றை வழங்கினார். நாட்டை அயல்நாட்டவரிடம் ஒப்படைக்கலாகாது என்று அச்சட்டம் விதித்தது. அவ்வாண்டு ஜூன் திங்களில் அவர் இலண்டனில் காலமானார். அவர் காலத்தில் 1892இல் தொடங்கிய பெரும் பள்ளிவாசல் 1900இல் நிறைவுற்றது. ஐரோப்பிய மணிக்கூண்டுகளை ஒத்த அதன் நான்கு கோபுரங்களும் நீரிணையைக் கடந்து வருவோர் கண்ணில் தொலைவிலேயே படும். கரைச்செலவுத் திட்டத்தில் அரண்மனைக்கு அடுத்த இடம் பள்ளிவாசலுக்குக் கிடைத்தது. அவர்க்குப்பின் அவருடைய மைந்தர் இப்ராகிம் 1895 முதல் 1959 வரை ஆண்டார். 1910இல் ஆங்கிலேய ஆலோசகர் ஒருவரை ஏற்கவும், 1914இல் அவருடைய அதிகாரம் விரிவதற்கு இணங்கவும் அவர் நேர்ந்தது. விருந்தோம்பல் ஜொகூரின் தனியாட்சியை முற்றும் காக்கவில்லை. ஆயினும் அண்டை மாநிலங்கள் இழந்ததை ஒரு தலைமுறைக் காலம் தள்ளிப்போட அது துணை செய்தது.

வண்டியும் புகைவண்டியும் கடற்பாலமும்

போக்குவரவு மாறியபோதெல்லாம் திட்டமும் மாறிற்று. 1903ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் சிங்கப்பூரின் டேங்க் சாலை நிலையத்திலிருந்து புக்கித் தீமாவுக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கியது. அவ்வாண்டு ஏப்ரல் 10ஆம் நாள் அது உட்லண்ட்சு வரை நீண்டது. இரண்டு மணி வண்டிப் பயணம் ஏறத்தாழ ஒரு மணியாகச் சுருங்கியது. கரையிலிருந்து படகு நேரே ஜொகூர் பாருவுக்குச் சென்றது. 1909இல் ஜொகூர் மாநில இருப்புப்பாதை நிறைவுற்றதும், பினாங்குக்கு எதிர்க்கரையிலிருந்து ஜொகூர் பாரு வரை தண்டவாளம் தொடர்ந்தது. நீரிணை ஒன்றே இடையில் எஞ்சியது. சரக்குப் பெட்டிகளை மிதவையில் ஏற்றிக் கடத்தினர்.

அதே 1909ஆம் ஆண்டில் அம்பர்க்-அமெரிக்கன் நிறுவனத்தின் ‘கிளீவ்லாந்து’ என்னும் கப்பல் நியூயார்க்கிலிருந்து ஏறத்தாழ 650 உல்லாசப் பயணிகளுடன் கீழ்நாடுகளை நோக்கிப் புறப்பட்டது. 1922ஆம் ஆண்டு நவம்பரில் ‘இலாகோனியா’ என்னும் கப்பல், ஒரே கலத்தில் உலகம் முழுவதையும் சுற்றிவரும் 130 நாட் பயணத்தைத் தொடங்கியது. முன்னர் இருவர் மூவராக வந்த விருந்தினர் இப்போது நூற்றுக்கணக்கில் ஒரே காலையில் இறங்கினர். மன்னர் அழைத்து உபசரிக்கும் நிலை அகன்றது; பயண முகவர் சீட்டு வழங்கி அழைத்துச் செல்லும் நிலை வந்தது.

சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் இடையே கடற்பாலம் அமைக்கும் வேலை 1919இல் தொடங்கியது. புலாவ் ஊபினிலிருந்தும் புக்கித் தீமாவிலிருந்தும் வெட்டிய கருங்கற்களைக் கடலிற் கொட்டிக் கரை எழுப்பினர். 1923ஆம் ஆண்டு செப்டம்பரில் சரக்கு வண்டியும், அக்டோபர் முதல் நாள் பயணிகள் வண்டியும் அதன்மீது ஓடின. 1924ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் முறைப்படித் திறப்பு விழா நடந்தது. பாலத்தின் நீளம் 1,056 மீட்டர். அதன்பின் மோட்டார் வண்டியில் ஏறிய பயணி இறங்காமலே ஜொகூர் பாருவை அடையலாயிற்று. காலையுணவு கப்பலில், அரண்மனையும் பள்ளிவாசலும் முற்பகலில், ரப்பர்த் தோட்டம் ஒன்று வழியில், மாலைத் தேநீர் மீண்டும் கப்பலில் என்று திட்டம் இறுகி அமைந்தது.

காட்டப்பட்டவை

இவ்வாறு அமைந்த திட்டத்தில் காட்சிப்பொருள்கள் சிலவே. அரண்மனையும் பள்ளிவாசலும் முதலிடம் பெற்றன. தொடக்க ஆண்டுகளில் சீனர் நடத்திய சூதாட்ட விடுதியும் பயணிகளை ஈர்த்தது. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற சூதாட்டம் 1829இலேயே நிறுத்தப்பட்டமையால், அதைக் காணவும் ஆடவும் அங்குள்ளோர் ஜொகூருக்குச் சென்றனர். ஆற்றங்கரைகளில் சீனத் தலைவர்களின் கீழ்க் காம்பியரும் மிளகும் பயிரிட்ட ‘காங்சு’ முறை 1917இல் ஒழிந்தது. அதற்கு முன்பே காம்பியர் நிலங்களை ரப்பர் விழுங்கத் தொடங்கிவிட்டது.

ரப்பரின் கதையைத் தாவரத் தோட்டம் கண்ட பயணி ஓரளவு அறிவான். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888 முதல் 1911 வரை தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். மோட்டார் வண்டிச் சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. இருப்புப்பாதை திறந்துவிட்ட கூலாய், லயாங் லயாங், ரெங்கம், குளுவாங், பாலோ, பெக்கோக், லாபிஸ், சிகாமட் முதலிய ஊர்களைச் சுற்றி மைல்கணக்கில் தோட்டங்கள் எழுந்தன. தம் ஊரில் மோட்டார் ஓட்டும் அமெரிக்கப் பயணிக்கு, அச்சக்கரம் பிறக்கும் மரத்தைக் காண்பது புதுமையாக இருந்தது. ரப்பர்த் தோட்டம் கரைச்செலவுத் திட்டத்தில் இடம்பெற்றது இவ்வாறே.

அதே கடல், வேறு பயணம்

அத்தோட்டத்தில் பயணி கண்ட மக்களுட் பெரும்பாலோர் தமிழர். அவர்களும் கப்பலில் வந்தவர்களே. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு, வடவார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணி வழியாகத் திரட்டப்பட்ட அவர்கள், ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கிப் பின்னர்க் கப்பல் ஏறினர். பிரித்தானிய-இந்திய நீராவிக் கப்பல் நிறுவனத்தின் கப்பல்கள் பினாங்கு, போர்ட் சுவெட்டன்காம், சிங்கப்பூர் ஆகிய துறைகளைத் தொட்டன. அவற்றுள் 1926இல் கட்டப்பட்ட ‘இரஜூலா’ தமிழ்க் குடும்பங்களின் நினைவில் நெடுங்காலம் நின்றது. ஆயிரக்கணக்கானோர் அதன் மேல்தட்டில் பாய் விரித்துக் கடல் கடந்தனர். 1973 வரை அப்பெயருடன் அது இக்கடலில் ஓடியது.

அவர்களுக்கும் ஒரு கரைத்தங்கல் இருந்தது. அம்மையோ வாந்திபேதியோ பரவாமல் காக்க, அவர்களைத் துறைமுகத்தில் இறக்காமல் தடுப்புத் தீவுகளில் இறக்கினர். பினாங்கில் புலாவ் ஜெரெஜாக்கும், சிங்கப்பூரில் செயின்ட் ஜான்சு தீவும் அத்தகையவை. துணிகளுக்கு மருந்துப் புகை, உடம்பிற்கு மருந்து நீர், வரிசையில் நின்று பெறும் சோறு என்று அங்கே நாட்கள் கழிந்தன. உல்லாசப் பயணி துறைமேடையில் இறங்கும்போது முகவர் வணங்கி நின்றார். தட்டுப் பயணி தீவில் இறங்கும்போது மருத்துவ அதிகாரி எண்ணிக்கை எடுத்தார். இருவர்க்கும் கடல் ஒன்றே, கரை வேறு.

ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை அதன்பின்னும் தொடர்ந்தது. 1938ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளரின் மலாயாப் பயணத்தைத் தடை செய்தது. 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மலாயாவில் இந்தியர் 6 இலட்சத்திற்கு மேற்பட்டனர். அவருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். ஜொகூரில் மட்டும் இந்தியர் தொகை 50 ஆயிரத்தை ஒட்டி இருந்தது.

கரைச்செலவின் வழியை மீண்டும் ஒருமுறை நோக்கினால் இதன் பொருள் விளங்கும். குதிரை வண்டி ஓடிய புக்கித் தீமா சாலை 1840களில் கிராஞ்சியை எட்டியது. இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பு அதில் உண்டு. இருப்புப்பாதையின் பராமரிப்பிலும் சாலை வேலையிலும் தமிழர் கை இருந்தது. இறுதியில் கண்ட தோட்டமோ அவர்கள் வாழ்விடமே. பயணி ஒரு பகல் முழுதும் தமிழர் உழைப்பின் மீதே சென்று மீண்டான் என்பது மிகையாகாது. அவன் எழுதிய நூலில் அவர்கள் ‘கிளிங்’ என்னும் பெயரால், கரிய மேனியும் வண்ணச் சேலையுமாக, வழியோரக் காட்சியாக வருவர். வருணனையில் இடம் உண்டு. வரலாற்றில் இடம் இல்லை.

காலைப்பொழுதின் கணக்கு

இதற்கு வெறுப்போ இறுமாப்போ மட்டும் காரணமன்று. திட்டத்தின் மணிக்கணக்கே ஒரு காரணம். ரப்பர் மரத்தில் பால் மிகுதியாகச் சுரப்பது விடியற்காலையில். வெயில் ஏற ஏற மரத்தின் உள்நீர் அழுத்தம் குறைந்து பால் வற்றும். ஆகவே தோட்டங்களில் பொழுது புலருமுன் ‘பெரட்டு’ நடக்கும். தொழிலாளர் வரிசையில் நின்று பெயர் கொடுத்துத் தம் நிரைகளுக்குச் செல்வர். இருள் பிரியும்போதே பால்வெட்டுத் தொடங்கும். ஒவ்வொருவரும் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி முடித்து, சிறிது ஓய்ந்து, பின்னர்க் கோப்பைகளிலிருந்து பாலைச் சேர்த்து வாளிகளில் சுமந்து வந்து நிறுவைக் கொட்டகையில் ஊற்றுவர். அங்கிருந்து பால் ஆலைக்குச் செல்லும். காடி சேர்த்து உறையவைத்து, உருளையில் அழுத்தித் தகடாக்கி, புகைக்கூடத்தில் தொங்கவிடுவர்.

கப்பலில் காலையுணவு உண்டு புறப்பட்ட பயணி தோட்டத்தை அடையும்போது, முற்பகல் கழிந்துவிடும். அவன் கண்டது உருளையும், புகைக்கூடமும், தொங்கும் தகடுகளும். காட்சிக்காக ஒரு மரத்தில் வெட்டிக் காட்டிய ஒரு கோடு. நாளின் பெரும்பாடு அவன் வருமுன் முடிந்துவிட்டது. இருட்டில் விளக்கேந்திச் சென்ற பெண்ணையும், தாயுடன் சென்று கோப்பை துடைத்த பிள்ளையையும், அவர்கள் திரும்பும் லயத்தின் ஓர் அறையையும் அவன் திட்டம் தொடவில்லை. 1930இல் ரப்பர் விலை வீழ்ந்தபோது கூலி குறைக்கப்பட்டதும், வேலையிழந்தோர் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும் அவன் கண்ணுக்குப் புலப்பட வழியில்லை. அவன் கப்பல் மாலையில் புறப்பட்டுவிட்டது.

காணப்படாத அவ்வாழ்வில் நிலைத்த செயல்கள் பல நிகழ்ந்தன. தோட்டந்தோறும் மாரியம்மனுக்கோ முனியாண்டிக்கோ சிறு கோயில் எழுந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி அமைப்பதைக் கடமையாக்கியது. ஜொகூர்த் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் தோன்றின. பல இடங்களில் ஓர் ஆசிரியரே எல்லா வகுப்புக்கும் பாடம் நடத்தினார். 1942ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் பின்வாங்கிய பிரித்தானியப் படை கடற்பாலத்தை வெடிவைத்துப் பிளந்தது. அதன்பின் சப்பானியர் ஆட்சியில் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் - பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், மீளாதவர் பலர். உல்லாசக் கப்பல்கள் வராத அவ்வாண்டுகளின் வரலாற்றையும் இம்மக்களே சுமந்தனர்.

இன்று ஒரு பகல்

இன்று கப்பல்கள் கரிக்காக நிற்பதில்லை. 2012இல் சிங்கப்பூரின் மரினா விரிகுடாவில் உல்லாசக் கப்பல்களுக்கெனப் புதிய முனையம் திறக்கப்பட்டது. தஞ்சோங் பகார் புகைவண்டி நிலையம் 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாளுடன் மூடப்பட்டது. ஜொகூர்த் தோட்டங்களிற் பல செம்பனையாகவும், வீட்டு நிலமாகவும், தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்டன. ஆயினும் கடற்பாலம் அதே இடத்தில் கிடக்கிறது. அரண்மனையும் பள்ளிவாசலும் நீரிணையை நோக்கி நிற்கின்றன. ஒருநாளில் ஜொகூரைக் காண விரும்புவோர் இன்றும் உளர்.

அவர்கள் காணும் இடங்களின் பட்டியலில் புதிய பெயர் ஒன்று சேர்ந்துள்ளது. ஜொகூர் பாருவில் தெப்ராவ் சாலையை அடுத்து, இருப்புப்பாதையின் ஓரத்தில் நிற்கும் அருள்மிகு இராஜகாளியம்மன் ஆலயமே அது. 1922இல் சிறு குடிலாகத் தோன்றிய இவ்வாலயம், 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவரும் தூணும் விதானமும் பல வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் இழைக்கப்பட்டு, ‘கண்ணாடிக் கோயில்’ என்னும் பெயர் பெற்றது. முன்னாளில் இப்பாதையிற் சென்ற புகைவண்டியின் சாளரத்திலிருந்து யாரும் குறித்துக்கொள்ளாத குடில், இன்று வெளிநாட்டார் வழி கேட்டு வரும் இடமாயிற்று. கரைச்செலவுத் திட்டத்தில் தமிழர் தாமே தமக்கோர் இடம் அமைத்துக்கொண்டனர்.

ஆயினும் கண்ணாடியின் ஒளியோடு அவ்வரலாறு முடிந்துவிடலாகாது. மாணவரை ஒருநாட் பயணமாக ஜொகூருக்கு அழைத்துச் செல்லும் தமிழாசிரியர், பழைய திட்டத்தின் குறையை எளிதில் நீக்க இயலும். அரண்மனைக்கு முன் நின்று அபு பக்காரின் விருந்தோம்பல் ஏன் அரசியலாயிற்று என்று கூறலாம். கடற்பாலத்தைக் கடக்கும்போது அதன் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். கூலாய்க்கோ ரெங்கத்துக்கோ சென்று, தோட்டத்தில் பிறந்து வளர்ந்த முதியவர் ஒருவரை மாணவர் முன் அமரவைக்கலாம். பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தார், எந்தக் கப்பலில் அவர் பெற்றோர் வந்தனர், தடுப்புத் தீவில் எத்தனை நாள் இருந்தனர் என்ற மூன்று வினாக்களே போதும். அம்முதியோர் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. அவர்கள் விடைகளை எழுதிவைக்கும் ஏடுகளோ மிகச் சில.

பழைய பயணி தன் ஒரு பகலைக் காலையுணவுக்குப் பின் தொடங்கினான். ஜொகூரின் தமிழர் வரலாறு அதற்கு நான்கு மணி நேரம் முன்னரே, விளக்கு வெளிச்சத்தில் தொடங்கிவிடுகிறது. அந்நான்கு மணி நேரத்தையும் சேர்த்துத் திட்டமிடுவோர்க்கே அந்நாடு முழுமையாகக் கண்ணிற் படும்.